தனசீலன் நடத்திய குவாரி

நெருள் மலையடிவாரத்தில் நாகராஜ் அண்ணாச்சியின் கல்குவாரி செத்துப்போன பிறகும் அதை உயிரோடு வைத்திருந்தவர் தாராவி தனசீலன்.

சுற்றிலும் அடுக்குமாடிகள் முளைத்ததும் வெடி வைக்கத் தடை வந்தது. கிரஷரைக் கழற்றி விற்றார்கள். லாரிகள் போயின, ஆட்கள் போனார்கள். பள்ளத்தில் மழைத்தண்ணீர் தேங்கி, கொக்குகள் குடியேறின. தனசீலனும் கிளம்பத் தயாரானபோதுதான் அண்ணாச்சி மாதுங்காவிலிருந்து வெங்கடராமனைக் கூட்டிவந்தார். நகரத் திட்ட அலுவலகத்தில் விதிகளை எழுதி ஓய்வு பெற்றவர் அவர். அவற்றிலிருந்து தப்பிக்கும் வழிகளை இப்போது கட்டணத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"இது பசுமை மண்டலம். புதுசா குவாரி வெக்க முடியாது. ஆனா நம்மளது மண்டலம் வரைஞ்சதுக்கு முந்தியே இருக்கு, அதனால விட்டுவெச்சிருக்கா. ஒரு வருஷம் தொடர்ந்து பந்த்னு, அதாவது மூடிக்கெடக்குன்னு ஆச்சுன்னா அந்த உரிமை போயிடும்" என்றார் வெங்கடராமன். "யாராவது ஒருத்தர் கல் உடைச்சிண்டே இருக்கணும், அவ்வளவுதான்."

"அது நீருதான்" என்று தனசீலனின் தோளில் தட்டினார் அண்ணாச்சி.

அன்றிலிருந்து தனசீலன் தினமும் சுனாபட்டியில் ரயிலேறி நெருளுக்கு வந்து, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, ஒற்றைச் சம்மட்டியால் ஒரு குவாரியை நடத்தினார். உடைத்த கல்லை யாரும் வாங்க வரவில்லை. அவர் அதை அழகாக அடுக்கிவைத்தார். சாப்பாட்டு நேரத்துக்குக்கூட மணியடித்துவிட்டுத்தான் உட்காருவார். அவர் மனைவி அன்னமேரி, கோயிலில் கேட்பவர்களிடம், "எங்க வீட்டுக்காரரு குவாரி மேனேஜர்" என்பாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. மேனேஜர் வேலையும் அங்கே அவருடையதுதான்.

ஆண்டுக்கொரு முறை ஆய்வுக்கு அரசு அதிகாரி ஷ்ரவண் வருவார். செம்பூரில் வளர்ந்த பிள்ளை. தமிழ் பேசுவார், படிக்க வராது. வண்டியின் ஏசியை அணைக்காமல் கண்ணாடியை மட்டும் இறக்கிக் காது கொடுப்பார். சம்மட்டிச் சத்தம் கேட்கும். "சாலு இருக்கு, ஓடுது" என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். குவாரி ஓடியது.

இப்படி ஒன்பது ஆண்டுகள் ஓடிய பிறகு விதி மாறியது. மூன்று ஆண்டுகளாவது செயலற்றுக் கிடந்த குவாரியில் குடியிருப்புக் கட்டலாம் என்றார்கள். அண்ணாச்சி இனிப்புப் பெட்டியோடு வந்தார், கூடவே வெங்கடராமனும்.

"தனசீலன், நாளைக்கு ஆபீசர் வருவார். இங்க வெறும் வாச்மேனா இருந்தேன், ஒரு கல்லும் உடைக்கலைன்னு சொல்லிடுங்கோ" என்றார் வெங்கடராமன்.

தனசீலன் அடுக்கியிருந்த கற்களைப் பார்த்தார். "அப்பம் இத்தன வருசமா நான் என்னத்தச் செஞ்சேன் அண்ணாச்சி?"

"சும்மா இருந்தீரு வே. அதுக்குத்தான சம்பளம் தந்தேன்."

அந்தச் 'சும்மா' அவர் நெஞ்சில் தைத்தது. வீட்டுக்கு வந்து சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "சொல்லிட்டுப் போங்களேன், என்ன கெட்டுப்போச்சு?" என்றாள் அன்னமேரி.

மறுநாள் ஷ்ரவண் முதல்முறையாக வண்டியைவிட்டு இறங்கினார். வெங்கடராமன் குடை பிடித்தார். "பாருங்கோ, எத்தனை அமைதி. பல வருஷமா ஒரு கல் அசையலை."

சற்றுத் தள்ளி டங் டங் என்று சத்தம் எழுந்தது.

"பக்கத்து பில்டிங்ல வேலை நடக்கறது" என்றார் வெங்கடராமன்.

"இங்கனதான் சார் நடக்கு" என்று குரல் கொடுத்தார் தனசீலன். "வருசா வருசம் நீங்க கேட்டுட்டுப் போற அதே சத்தந்தான்." சொல்லிவிட்டு இன்னொரு கல்லைப் பிளந்தார்.

ஷ்ரவண் தனசீலனைப் பார்த்தார், அண்ணாச்சியைப் பார்த்தார், பிறகு நிதானமாக எழுதினார்: குவாரி செயலற்றுக் கிடக்கிறது. ஒரு நபர் பழக்கத்தின் காரணமாகக் கல் உடைக்கிறார். இது அகழ்வு ஆகாது.

அன்று மாலையே தனசீலனுக்கு வேலை போனது. அவர் சும்மா விடவில்லை. அலுவலகத்துக்கே போய் ஷ்ரவணின் மேசை முன்னால் நின்றார். "ஒம்பது வருசம் சாலுன்னு எழுதினீய. இப்பம் பந்த்னு எழுதுதீய. ரெண்டுல எது சார் பொய்?"

ஷ்ரவண் நாற்காலி காட்டி, டீ வரவழைத்தார். "ரெண்டும் கரெக்ட், அங்கிள். அப்ப கேட்ட கேள்வி வேற, இப்ப கேக்கற கேள்வி வேற."

தனசீலன் டீயைக் குடிக்காமல் எழுந்து வந்தார்.

பள்ளம் இப்போது ஏரியாகிவிட்டது. கரையில் எழும் கோபுரத்தின் விளம்பரப் பலகை, மனிதக் கை படாத இயற்கை என்கிறது. அந்தக் கைகள் திலக் நகரில் பழைய கட்டடங்களை இடிக்கப் போய்விட்டன. முதல் நாள் தூசியும் தும்மலுமாகத் திரும்பி வந்தவரிடம் வேலை எப்படி என்று அன்னமேரி கேட்டாள்.

"அடிச்சேன், செவரு விழுந்துச்சு" என்றார் தனசீலன். "இன்னும் கொஞ்சம் சோறு போடு."