தீப்பெட்டி எங்கே? சப்பாத்தி வேண்டாம்

மகர்பட்டாவில் எங்களுக்குக் கீழ்வீட்டில் இருக்கும் பெண் போன வாரம் தன் கைப்பேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அவள் மகளின் பள்ளியிலிருந்து வந்த குறிப்பு: கவனம் போதவில்லை, வீட்டில் இந்தி பேசிப் பழக்கவும். மதுரைக்காரி, இங்கே வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "நல்ல இந்தி டியூஷன் எங்கக்கா இருக்கு?" என்றாள். "பாப்பாவுக்கு அடிக்கடி சளி பிடிக்குமா?" என்று நான் திருப்பிக் கேட்டேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

பார்க்கட்டும். மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. எல்லாம் சரியாக இருக்கிறது என்று பிறர் சத்தியம் செய்து கொடுப்பதை நம்பாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். ஆனால் அந்தக் குறிப்பின் மேல் வந்த சந்தேகம் வேலை கற்றுக் கொடுத்ததல்ல. அதற்கு ஒரு வாசனை உண்டு, ஊதி அணைத்த மெழுகுவர்த்தியின் வாசனை.

சின்ன வயதில் இதே ஊரின் ஆற்றங்கரைப் பக்கம், தாபோடியில் நாங்கள் இருந்தபோது சாயங்காலமானால் மின்சாரம் போய்விடும். லோட் ஷெட்டிங் என்பார்கள். தமிழ், மராத்தி, இந்தி என்று மூன்று மொழியிலும் அதற்கு அந்த ஒரே பெயர்தான். அப்பா ராணுவ அலுவலகம் ஒன்றில் குமாஸ்தா, சொந்த ஊர் குடியாத்தம் பக்கம். ஒரு அறை, ஒரு சமையலறை, நாங்கள் இரண்டு பெண்கள். தங்கை சுதா என்னைவிட மூன்று வயது சின்னவள். ஆற்றங்கரைக் குளிரில் அவளுக்கு மூக்கு ஒழுகாத மாதமே கிடையாது. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்களுக்கெல்லாம் பெரிதாக இருந்தது அவளுடைய மராத்தி மார்க்.

மராத்தியில் ஒரு 'க'வுக்குப் பதில் நான்கு உண்டு, 'ப'வும் அப்படியே. மூச்சு விட்டுச் சொல்வது எது, விடாமல் சொல்வது எது என்று தெரியாமல் தமிழ் வீட்டுப் பிள்ளைகள் டிக்டேஷனில் எல்லோருமே தடுக்கி விழுவோம். சுதாவும் விழுந்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. ஆனால் நாங்கள் எழுத்தைத் தப்பாக எழுதினோம், அவள் வார்த்தையையே வேறாக எழுதினாள். டீச்சர் 'வாட்' என்று வழியைச் சொன்னால் இவள் 'பாட்' என்று பாடத்தை எழுதி வைப்பாள். அந்த வித்தியாசம் இன்று எனக்குத் தெரிகிறது. அன்று தப்பு என்றால் எல்லாம் தப்புதான்.

ஆளுக்கொரு சந்தேகம் இருந்தது. டீச்சருக்கு அம்மா மேல்: வீட்டில் தமிழைத் தவிர வேறு பேசுவதில்லை. அப்பாவுக்கு டீச்சர் மேல்: மதராஸி பிள்ளை என்றால் இளக்காரம். அம்மாவுக்குப் பக்கத்து பெஞ்சுப் பெண் மேல், அவள் பேச்சுக் கொடுத்துக் கெடுக்கிறாள் என்று. எனக்கு சுதா மேலேயே. நான் தண்ணீர் கேட்டால் காதில் விழாது, முறுக்கு டப்பாவைத் திறந்தால் உடனே வந்து நிற்பாள். நடிக்கிறாள் என்பது என் முடிவு. டப்பாவைத் திறப்பது கண்ணுக்கும் தெரியும் என்பது என் ஆராய்ச்சியில் விடுபட்டுப்போயிற்று.

கணக்கில் அவளுக்கு நல்ல மார்க். அதனால் மூளையில் கோளாறில்லை, மொழிதான் குற்றவாளி என்று தீர்ப்பாயிற்று. கரும்பலகையில் எழுதிப்போடும் பாடத்தில் தேறுகிறாள், வாயால் சொல்லும் பாடத்தில் தோற்கிறாள் என்று அதே மார்க்கை வேறு விதமாகப் படிக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. நான்காம் வகுப்புப் பரீட்சை முடிந்ததும் அவளைக் குடியாத்தத்தில் சித்தப்பா வீட்டில் விட்டுத் தமிழில் படிக்கவைப்பது என்று அப்பா சொல்லிவிட்டார். சுதா நோட்டில் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அது சரியாகக் காதில் விழுந்ததா என்பதே இன்று எனக்குச் சந்தேகம்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம். அப்பா இன்னும் வரவில்லை. மின்சாரம் போயிற்று. அம்மா சமையலறையிலிருந்து, "சுதா, தீப்பெட்டி எங்கடி வச்ச?" என்றாள்.

"சப்பாத்தி வேணாம்மா."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. தடவிக்கொண்டே வந்து எங்கள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வெளிச்சத்தில் கேட்க முடியாததை இருட்டில் கேட்டுவிட நினைத்தாளோ என்னவோ, மெதுவான குரலில், "ஊருக்குப் போனா அழுவியா?" என்றாள்.

"கழுவிட்டேம்மா" என்றாள் சுதா.

அம்மா, யாரிடம் என்றில்லாமல், "நான் தமிழ்லதான கேட்டேன்?" என்றாள்.

தீப்பெட்டி அலமாரியில்தான் இருந்தது. மெழுகுவர்த்தியை ஏற்றித் தன் முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அதே கேள்வியை அதே குரலில் அம்மா மறுபடி கேட்டாள். சுதா அம்மாவின் உதட்டையே பார்த்தாள்.

"அழுவேன்" என்றாள்.

அம்மா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள். அந்த வாசனை அப்போது வந்ததுதான். "உன் பேர் இன்னா?" என்று இருட்டில் கேட்டாள். பதில் இல்லை. நான் வேலையில் எத்தனையோ சோதனைகள் எழுதியிருக்கிறேன். அவ்வளவு சுத்தமாக ஒன்றுகூட அமையவில்லை.

இரண்டு செவிப்பறைக்குப் பின்னாலும் நீர் கோத்து நிற்கிறது, சளியால் வந்தது, சின்னக் குழாய் வைத்தால் சரியாகும் என்றார் காது டாக்டர். அப்பாவுக்கு உடனே டாக்டர் மேல் சந்தேகம். இன்னொருவரிடம் கூட்டிப்போனார், அவரும் அதையே சொன்னார். குழாய் வைத்து வீட்டுக்கு வந்த அன்று குக்கர் விசில் அடித்ததும் சுதா காதைப் பொத்திக்கொண்டு, "இது எப்பவுமே இப்பிடித்தான் கத்துமா?" என்று கேட்டாள். குடியாத்தம் பேச்சை அப்பா அதற்குப் பிறகு எடுக்கவே இல்லை.

ஐந்தாம் வகுப்பில் மராத்தி மார்க் ஏறியது. டீச்சருக்கு இப்போது வேறு சந்தேகம்: பார்த்து எழுதுகிறாளோ? தனியாக உட்காரவைத்துப் பார்த்தார். அப்போதும் மார்க் இறங்கவில்லை. மூச்சு விடும் 'ப', விடாத 'ப' மட்டும் என்னைப் போலவே மாறி மாறி வந்தது. நோட்டைப் பார்த்த அம்மாவுக்குச் சந்தோஷம். "இப்பத்தான் நம்ம வூட்டுத் தப்பா எழுதறா."

கீழ்வீட்டுப் பெண்ணிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் பாப்பாவிடம் ஏதாவது கேட்டுப் பார் என்று மட்டும் சொன்னேன். இரண்டு நாள் கழித்து வந்தாள். "எங்கக்கா இருட்டு? அணைச்சா எதிர் பில்டிங் வெளிச்சம் வருது. கரண்ட் போனாலும் ஜெனரேட்டர் போட்டுர்றாய்ங்க." உண்மைதான். முகம் தெரியாத இருட்டு இந்தக் குடியிருப்பில் எங்கேயும் இல்லை. முதுகுக்குப் பின்னால் நின்று கேள் என்றேன். கேட்டிருக்கிறாள். சனிக்கிழமை காது டாக்டரிடம் போகிறார்கள். இந்தி டியூஷனிலும் சேர்த்துவிட்டதாகத் தெரிகிறது.

சுதா இப்போது தளேகாவில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். ஞாயிற்றுக்கிழமைகளில் என் வீட்டுக்கு வருவாள். பால்கனியில் எனக்கு முதுகைக் காட்டி நின்று கைப்பேசியைப் பார்த்தபடியே, நான் அடுப்படியிலிருந்து முணுமுணுப்பதற்கெல்லாம் சரியாகப் பதில் சொல்வாள். பல தடவை சோதித்துவிட்டேன், ஒரு வார்த்தை தவறுவதில்லை.

அவளுடைய அந்த ஒன்பது வயதில், எதிரே நின்று நான் வாயைத் திறந்தால் போதும், கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்ப்பாள். நான் சொல்வதெல்லாம் அவ்வளவு முக்கியம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றும் அவளிடம் பேசும்போது என்னையறியாமல் விளக்கு இருக்கும் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன். அவள் நிமிர்ந்து பார்ப்பதில்லை.