தூணில் ஒரு கறை

பூசை இன்னும் லத்தீனில் நடந்த காலம். மாத்தளையில் எங்கள் கோயிலுக்குத் தோட்டத்து லொறி டிரைவர் ஒருவர் வருவார். தடித்த மீசை, தலை நிறையத் தேங்காயெண்ணெய். முன்னால் எவ்வளவு இடம் இருந்தாலும் தூணுக்குப் பின்னால்தான் முழந்தாளிட்டு, தலையைத் தூணில் சாய்த்துக்கொள்வார். நற்கருணை அப்பம் வாங்க எழுந்ததே இல்லை.

நான் கோயில் பள்ளிக்கூடத்து வாத்தியார். பூசை முடிந்து ஒருநாள் கேட்டேன்: "அங்கேயிருந்தா பீடம் தெரியாதே, அண்ணே?"

"பொம்பளைங்க பக்கமும் தெரியாதுங்க, மாஸ்டர்" என்றார். பிறகு மெதுவாக, "அங்க ஒருத்தி வர்றா. இன்னொருத்தன் பொண்டாட்டி. பேசினதுகூட இல்லீங்க. ஆனா ஆசையோட பார்த்தாலே விபசாரம்னு ஆண்டவர் சொல்லிட்டாரே."

"சாமியார்கிட்டப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செஞ்சா நற்கருணை வாங்கலாமே?"

"இனி நினைக்க மாட்டேன்னு வாக்குக் குடுக்கணுமே. எப்படிங்க பொய் சொல்றது?"



நெடுநாள் கழித்துச் சாமியாரிடம் இதைக் கேட்டேன். "முயற்சி செய்றேன்னு மனசாரச் சொன்னாலே போதுமே" என்றார். அதற்குள் டிரைவர் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். எந்தத் தோட்டம் என்று யாருக்கும் தெரியவில்லை.

திருநாள்தோறும் தூணுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார்கள். அவர் தலை சாய்த்த இடத்தில் மட்டும் எண்ணெய்க் கறை மறுபடியும் மேலே வந்துவிடுகிறது.