தேங்காயெண்ணெய் குடித்த மெசின்

என் தையல் மெசினை யாருக்கும் கொடுக்கமாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதைப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் சுற்றிச் சுற்றிக் கடைசியில் அந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறார்கள்.

கையால் சுற்றித் தைக்கிற மெசின் அது. வளைந்த மரமூடி, தூக்கிக்கொண்டு போக மேலே ஒரு பிடி. கறுப்பு உடம்பில் இருந்த தங்கப் பூவேலை பாதி அழிந்துவிட்டது. அதில் அம்மாவின் கை பட்டு அழிந்த இடம் எது, என் கை அழித்த இடம் எது என்று எனக்குத் தெரியும். சட்டை தைப்பிக்கிறவர்கள் துணியை என் வீட்டுக்கே கொண்டுவருவார்கள். நெல் காயப்போடுகிற படங்கு கிழிந்தால் அப்படிக் கொண்டுவர முடியாது. முற்றத்தளவு அகலம், அதில் போன போகத்துப் புழுதி வேறு. ஆகவே மெசினைச் சைக்கிள் கரியரில் பழைய ரியூப் பட்டியால் கட்டிக்கொண்டு நான்தான் அந்த வீட்டுக்குப் போவேன். முரசுமோட்டையில் அறுவடைக் காலத்தில் என்னையும் என் பெட்டியையும் காணாத ஒழுங்கை இல்லை.

கரண்ட் மெசின் கூடாதென்று நான் சொல்லவில்லை. நான் ஒரு சட்டை முடிக்கமுன் அது மூன்று முடிக்கும். தெரிந்துகொண்டுதான் கொடுக்கமாட்டேன் என்கிறேன்.

போரின் கடைசி இடப்பெயர்வின்போது இதைக் காவிக்கொண்டு போக வழியிருக்கவில்லை. அம்மா அதற்கு முன்னமே கண்ணை மூடிவிட்டார். தம்பி அதற்கும் முன்னமே வெளிநாடு போய்விட்டான். கிணற்றடியில் வாழைகளுக்கு நடுவே நான் தனியாகக் கிடங்கு வெட்டினேன். துருப்பிடிக்கக் கூடாதே என்று மெசின் எண்ணெய் தேடினேன். அந்த நாட்களில் எங்கே கிடைக்கும்? குசினியில் தேங்காயெண்ணெய் இருந்தது. தலைக்கு வைப்பதுபோல் தாராளமாக வைத்தேன். எண்ணெய் விடும் துளைகள் ஒன்றையும் மிச்சம் விடவில்லை. இரண்டு உரப்பைக்குள் சுற்றிப் புதைத்துவிட்டு, கெட்டிக்கார வேலை செய்த நினைப்போடு நடக்கத் தொடங்கினேன்.

மீளக் குடியேறி வந்து தோண்டியபோது மெசின் இருந்தது. துருவும் பெரிதாக இல்லை. ஆனால் கையால் சுற்றும் சில்லு அசையவில்லை. தேங்காயெண்ணெய் உள்ளே காய்ந்து பிசினாகி, ஒவ்வொரு மூட்டையும் ஒட்டி வைத்திருந்தது. கிளிநொச்சியில் மெசின் திருத்துகிறவரிடம் கொண்டுபோனேன். அவர் மூடியைத் திறந்து மணந்து பார்த்தார்.

“அக்கா, ஆர் இதுக்குள்ள பொரியல் பொரிச்சது? பேசாமப் பழைய இரும்புக்குப் போடுங்கோ.”

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. பிழை என்னுடையது என்பதால் கோபம் இன்னும் கூடியது. மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தேன். பிறகு தினமும் கோழி இறகை மண்ணெண்ணெயில் தோய்த்து, துளை துளையாக விட்டு, பிசினை ஊசியால் சுரண்டினேன். பதினோராவது நாள் சில்லு ஒரு விரலளவு அசைந்தது. அன்று நான் சத்தம் போட்டுச் சிரித்ததைக் கேட்டு அயல் வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

இந்த ஆவணியில் தம்பி வந்தான். வந்து இரண்டாம் நாளே மெசினைச் சுற்றி வரத் தொடங்கிவிட்டான்.

“அக்கா, இதை நான் கொண்டுபோறன். வடிவாப் பெயின்ற் அடிச்சு ஹோலில வைக்கலாம். உங்களுக்குப் புதுக் கரண்ட் மெசின் வாங்கித்தாறன். நீங்கோ ஏன் இன்னும் கஷ்டப்படுறியள்?”

“எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை.”

“அம்மான்ர மெசின். எனக்கும் பங்கிருக்குத்தானே?”

“இருக்கு. வந்து பார், தொட்டுப் பார். கொண்டுபோக ஏலாது.”

அவன் முகம் சுருங்கியது. எனக்குப் பாவமாகவும் இருந்தது. ஆனாலும் நான் இறங்கவில்லை.

அடுத்த நாள் காலை நான் வயலால் வந்தபோது, அவன் மெசினை முற்றத்துக் கதிரையில் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். மெசின் வெயிலில் பளபளத்தது. கிட்டப் போகமுன்பே மணம் வந்துவிட்டது.

“என்னடா பூசினனீ?”

“தேங்காயெண்ணெய். எப்பிடி மினுங்குது பாருங்கோ! துளையளுக்குள்ளயும் விட்டனான்.”

எனக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன. மத்தியானத்துக்குப் பிறகு ஒரு வீட்டில் படங்கு தைத்துக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தேன். மறுநாள் அவர்களுக்கு அறுவடை. நான் அழவில்லை. கோழிக்கூட்டடியில் ஒரு இறகு பொறுக்கி, சிரட்டையில் மண்ணெண்ணெய் ஊற்றி அவன் முன்னால் வைத்தேன்.

“இரு. இருந்து துடை. ஒரு துளையும் விடாதை. காய்ஞ்சா இறுகிப்போகும்.”

வெளிநாட்டுக் காற்சட்டையோடு நிலத்தில் இருந்தான். முதலில் சிரித்துக்கொண்டுதான் துடைத்தான். அரைமணித்தியாலத்தில் சிரிப்பு நின்றது. தேத்தண்ணி கொடுத்தேன், எழும்ப விடவில்லை.

“தேங்காயெண்ணெய் விட்டா இறுகுமெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது?” என்று கேட்டான்.

“ஒருத்தரும் சொல்லேல்லை. கிணத்தடியில தாட்டு வைக்கேக்க நானும் அதைத்தான் விட்டனான்.”

இறகு அப்படியே நின்றது. மெசினைப் புதைத்த கதையை நான் அவனுக்குச் சொன்னதே இல்லை. தொலைபேசியில் அவன் கேட்கும்போதெல்லாம் எல்லாம் சுகம் என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

“பிறகு ஆர் துடைச்சது?”

“நான்தான்.”

“எத்தினை நாள்?”

“பதினொரு நாள்.”

அவன் கிணற்றடியைப் பார்த்தான். பிறகு குனிந்து, அடுத்த துளைக்குள் இறகை விட்டான். மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டபோதும் முடித்துவிட்டு வருகிறேன் என்றான். அவன் முடித்ததும் நான் நல்ல மெசின் எண்ணெய் இரண்டு துளி விட்டுச் சில்லைச் சுற்றிப் பார்த்தேன். இலேசாக ஓடியது. கொண்டுபோகிற கதையை அவன் பிறகு எடுக்கவில்லை.

படங்கு தைக்க நான் வெளிக்கிடும்போது மெசின் பெட்டியை அவனே தூக்கி வந்தான். பாரத்தில் ஒரு பக்கம் சாய்ந்து நடந்தான். கரியரில் வைத்து, ரியூப் பட்டியை இரண்டு தரம் சுற்றி முடிச்சுப் போட்டுவிட்டு, சரியா என்பதுபோல் என்னைப் பார்த்தான்.

முடிச்சு இளக்கம். அவிழ்த்து, நானே இறுக்கிக் கட்டிக்கொண்டு போனேன்.