நான்கு மீன்களின் வம்சம்

2013இல் மூன்று பெட்டை, ஒரு ஆண். கொளத்தூரில் அமலோற்பவத்தின் மொட்டைமாடித் தொட்டிகளில் இன்று நீந்தும் அத்தனை சிவப்புக் கப்பி மீன்களும் அந்த நான்கின் வாரிசுகள்தான். வேறு மீன் எதையும் அவள் உள்ளே விட்டதில்லை. விட்டால் சிவப்பு கலையும். தலை முதல் விசிறி வால் வரை ஒரே சிவப்பு என்பதுதான் அவள் எடுத்த பெயர்.

போன ஈற்றில் இரண்டு குட்டிகளுக்கு முதுகு வளைந்திருந்தது. தண்ணீர்க் கோளாறு என்று நினைத்துக்கொண்டாள். இந்த ஈற்றில் தொட்டிக்குத் தொட்டி கூன். சில குட்டிகள் நீந்த முடியாமல் அடியிலேயே துடித்தன. ஒரே ரத்தம் திரும்பத் திரும்பச் சேர்ந்ததன் பலன். இப்படியே போனால் வம்சமே அற்றுப்போகும்.

அடுத்த தெருவில் மீன் வளர்க்கும் தணிகாசலத்தைக் கூப்பிட்டாள். அவனிடமும் சிவப்புதான்.

"தணிகா, ஒரே ஒரு ஆண் குடுறா. என் ரத்தம் தேஞ்சுபோச்சு."

அவன் தலையைச் சொறிந்தான். "யக்கா, திட்டாத. எங்கிட்ட கீறதே உன் மீனுதான். வருசா வருசம் ஆள வுட்டு உன் ஆணத்தான வாங்கியாந்து போடறேன்."

"அடப்பாவி! தொட்டிக்குத் தொட்டி என் மீனா?"

"நான் மட்டுமா? இந்த ஏரியாவுல செவப்புன்னா எல்லாம் உன் பேரப்புள்ளைங்கதான்."

பெட்டையை வெளியே கொடுக்காமல் கட்டிக்காத்தாள். அவள் விற்ற ஆண்கள் வழியாகவே ஊர் முழுக்கத் தன் ரத்தம் போயிருந்தது. இனி எங்கே போய்த் தேடுவது?

மாதா கோயில் கிணற்றில் கொசுப்புழு தின்ன விட்ட கப்பிகள் இருந்தன. சாம்பல் உடம்பு, வாலோரம் ஒரு பொட்டு ஆரஞ்சு. யாரும் தீனி போடாமலே பெருகியவை. மறுநாள் வாளியில் ஓர் ஆணைக் கொண்டுவந்தாள்.

தணிகாசலம் எட்டிப் பார்த்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தான். "ராணிக்கு கெணத்து மாப்ளையா? கலரு மொத்தமா பூடும்க்கா!"

"கூன் இல்லாத மாப்ள கெடச்சா போதும். நீ கைய உள்ள வெக்காத, தள்ளு."

நிறத்தைவிட நோய்தான் அவளைப் பயமுறுத்தியது. கிணற்று மீனுக்கு ஒன்றும் செய்யாத கிருமி தன் மீன்களை வாரிக்கொண்டு போகலாம். அதைத் தனி டப்பில் விட்டு, துணைக்குத் தன் கிழட்டு ஆண் ஒன்றைப் போட்டாள். வியாதி இருந்தால் முதலில் அதற்குத்தான் தெரியும். டப்புக்குத் தனி வலை, தனிக் குவளை. தொட்டதும் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். தினமும் விடிந்ததும் ஓடிப்போய்ப் பார்த்தாள்: துடுப்பு உடம்போடு ஒட்டியிருக்கிறதா, வெள்ளைப் படலம் விழுந்திருக்கிறதா? ஒருநாள் கிழடு தீனி எடுக்கவில்லை. அன்று முழுக்க மாடியை விட்டு இறங்கவில்லை. சாயங்காலம் அது மேலே வந்து தீனியைக் கொத்தியது.

மாதம் ஒன்று கடந்தும் இரண்டு மீனும் திடமாக இருந்தன. வயிற்றடியில் பருவத்தின் கறுப்புப் புள்ளி விழுவதற்கு முன்பே, ஆண் வாடை படாமல் பிரித்து வைத்திருந்த நேர்முதுகுப் பெட்டைகள் நான்கை ஒரு தொட்டியில் விட்டாள். கிணற்று ஆணையும் உள்ளே இறக்கினாள்.

பழைய சிவப்பில் கூன் விழாதவற்றைத் தனித் தொட்டியில் நிறுத்தியிருக்கிறாள். புதிய ஈற்றில் பிறப்பது எதுவும் முழுச் சிவப்பாக இருக்காது. நிறம் திரும்பும் வரை, அதில் முதுகு நேராக உள்ளவற்றை மட்டும் பழைய சிவப்போடு மறுபடி சேர்ப்பாள். அதுவரை மீன் கேட்டு வருகிறவர்களுக்கு, தணிகாசலம் உட்பட, இல்லை என்றுதான் பதில்.