பால் கக்கினால் ஸ்பிரிங் மேல் பழி

தொட்டில் மாட்டுகிற தொழிலில் சீலிங்கில் ஓட்டை போடுவது சுலபம், குழந்தை கக்கின பாலுக்குப் பதில் சொல்வதுதான் கஷ்டம். ஃபேன் மாட்டுகிறவர்களே, வாஷிங் மெஷின் மாட்டுகிறவர்களே, வீடு வீடாக ஏணியோடு அலைகிற என் சக பாவிகளே, உங்கள் சாமான் கெட்டுப்போனால்தான் உங்களுக்குத் திட்டு விழும். என் சாமான் நன்றாக இருக்கும்போதே எனக்கு விழும். ஊரப்பாக்கத்தில் சின்னதாக ஒரு கடை. ஸ்பிரிங், கொக்கி, கட்டை, தூளித் துணி விற்கிறேன். அங்கிருந்து கல்பாக்கம் வரைக்கும் பைக்கில் போய் நானே மாட்டியும் தருகிறேன். குழந்தை வாந்தி எடுத்தால் முதல் போன் டாக்டருக்கு இல்லை, எனக்குத்தான்.

ஆரம்பத்தில் போனிலேயே சண்டை போட்டுவிடுவேன். எட்டாவதோடு படிப்பை விட்டவனுக்கு நாக்குதான் கைமுதல். ஆனால் போகப் போக ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இத்தனை வீட்டில் இத்தனை குழந்தை. எல்லாம் ஏன் கக்குது?

கம்பெனி பஸ்

மறைமலைநகரில் ஒரு வீடு. அப்பாக்காரர் கார் பாகம் செய்கிற ஃபேக்டரியில் ஷிப்ட் வேலை. "உன் ஸ்பிரிங் ஓவரா துள்ளுது, புள்ள குடிச்சதெல்லாம் வெளிய வந்துகினு கீது, வந்து கழட்டினு போ" என்று போனில் கத்தினார். போனேன். ஸ்பிரிங்கைப் பிடித்து என் முழு உடம்பையும் போட்டுத் தொங்கிக் காட்டினேன். நான் கனமான ஆள். ஸ்பிரிங்குக்கு ஒன்றும் ஆகவில்லை. "சரி, நீ எப்படி ஆட்டுவே, அதக் காட்டு" என்றேன்.

அவர் மனைவி உள்ளே பால் கொடுத்து முடித்ததும் குழந்தையை வாங்கினார். தோளில் போடவில்லை, முதுகைத் தட்டவில்லை. நேராகத் தொட்டிலில் போட்டு, பழைய பஸ்ஸில் கண்டக்டர் மணிக்கயிறு இழுப்பாரே, அப்படி இழுத்தார். குழந்தை மேலே போச்சு, கீழே வந்தது, மேலே போச்சு. கடைவாயில் தயிர் மாதிரி பால் வழிந்தது. குழந்தை முகத்தில் ஒரு கஷ்டமும் இல்லை. நான்தான் ஓடிப்போய்த் தொட்டிலைப் பிடித்து நிறுத்தினேன். "ஏன்யா, நீ ஃபுல் மீல்ஸ் சாப்ட்டுட்டு நேரா ராட்டினத்துல ஏறுவியா?" என்று கேட்டேன். உள்ளேயிருந்து மனைவியின் சிரிப்பு கேட்டது. அவர் வாட்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இன்னா அண்ணாத்த பண்றது, இது தூங்குற வரைக்கும் கம்பெனி பஸ் நிக்குமா?"

ஒரு கேள்விக்கு ஒரு கொக்கி

ஊரப்பாக்கத்திலேயே கலா என்று ஒரு நர்ஸ். பிரசவ வார்டில் வேலை, இப்போது அவருக்கே குழந்தை பிறந்து லீவில் இருந்தார். கொக்கி மாட்டப் போன இடத்தில் பேரம் தொடங்கியது. என்னிடம் பேரம் பேசி ஜெயித்தவர்கள் கம்மி. ஆனால் அன்றைக்கு நானே இறங்கி வந்தேன். "மாட்டுற கூலி வேணாம் மேடம். கொழந்தைங்க ஏன் கக்குது, எதுக்குப் பயப்படணும், அத மட்டும் சொல்லுங்க."

அவர் நிதானமாகச் சொன்னார். வயிற்றின் மேல்வாய் பச்சைக் குழந்தைக்கு இன்னும் இறுகியிருக்காது, சரியாக மூடாத பாட்டில் மாதிரி. சாய்த்தால் வழியும். அதனால் பால் குடித்ததும் ஏப்பம் வருகிற வரைக்கும் தட்டி, கொஞ்ச நேரம் நிமிர்த்தி வைத்திருந்தால் போதும். குழந்தை எடை ஏறிக்கொண்டு, ஒழுங்காக ஒன்றுக்குப் போய்த் துணியை நனைத்துக்கொண்டு, தெம்பாக இருந்தால் கக்குவது நோய் இல்லை. ஆனால் பச்சையாக வந்தாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, குடிக்கிறபோதெல்லாம் பீய்ச்சி அடித்தாலோ, வயிறு உப்பினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி. மறுநாள் என்கிற பேச்சே கிடையாது.

சொல்லி வாயை மூடவில்லை, அவர் தோளிலிருந்த குழந்தை ஒரு வாய் கக்கியது. நர்ஸம்மா முகம் வெளுத்துவிட்டது. துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், நெற்றியைத் தொடுகிறார், புருஷனைக் கூப்பிடுகிறார். நான் ஏணி மேல் நின்றபடி, "மேடம், இப்ப நீங்க சொன்னதுதானே?" என்றேன். "மத்தவங்க புள்ளைக்கு வாய் பேசுது அண்ணா, என் புள்ளைன்னா படிச்சதெல்லாம் மறந்துபோகுது."

கரண்டிப் பால்

கல்பாக்கத்தில் ஆராய்ச்சி வேலை பார்க்கிற ஒரு சார், சொந்த ஊர் கோயம்புத்தூர் பக்கம். போனில் ரொம்ப மரியாதையாகப் பேசினார். குழந்தை குடிப்பதை விடக் கக்குவது அதிகமாக இருக்கிறதாம், தொட்டில் உயரத்தை மாற்றிப் பார்க்கலாமா என்று கேட்டார். நான் போனபோது ஒரு முழத் துணி பூராவும் நனைந்து கிடந்தது. பார்த்ததும் எனக்கும் திக்கென்றது. குழந்தையோ கொழுகொழுவென்று கையைக் காலை உதைத்துக்கொண்டிருந்தது.

அவருக்குத் திடீரென்று ஒன்று தோன்றியது. அதே மாதிரி இன்னொரு துணியை விரித்தார். பாக்கெட் பாலில் ஒரு கரண்டி எடுத்து ஊற்றினார். பால் ஓடி ஓடிப் பரவி, துணி முக்கால்வாசி நனைந்தது. ரெண்டு பேரும் தரையில் குந்தி உட்கார்ந்து இந்தத் துணியையும் அந்தத் துணியையும் மாறி மாறிப் பார்த்தோம். என் வாழ்க்கையில் சத்தம் போடாமல் முடிந்த ஒரே கம்ப்ளெயின்ட் அதுதான். அவர் தலையைச் சொறிந்துகொண்டு சொன்னார்: "ஏனுங்க, இந்த ஒரு கரண்டிப் பாலுக்கா நானும் என்ற சம்சாரமும் தூங்காமக் கெடந்தோம்?"

ஜெயித்த சண்டை

மாமல்லபுரம் போகிற வழியில் செல்வம் வீடு. கடலோர ரிசார்ட்டில் சமையல் வேலை. மனைவி பெயர் ஸ்டெல்லா. பையனுக்கு ஒரு மாதம் ஆகியிருந்தது. நான் போனபோது தொட்டிலை அவரே கழற்றி வாசலில் வீசியிருந்தார். "இத்த மாட்டுன வாரத்துலேர்ந்துதான்யா புள்ள வாந்தி எடுக்குது. துட்ட எடு" என்றார். வாசலில் கிடந்த ஸ்பிரிங்கைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் ஏறிவிட்டது. "பந்தயம் வெச்சுக்கோ. தொட்டில் கீழ கீது. இப்ப பால் குடுக்கச் சொல்லு, நிமுத்திப் புடிக்கச் சொல்லு. கக்கலைன்னா முழு துட்டும் உன்னுது. கக்குனா ஸ்பிரிங் பேச்சே எடுக்கக் கூடாது."

ஸ்டெல்லா உள்ளே போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்தார். தோளில் போட்டுத் தட்டினார். நல்ல ஏப்பம் வந்தது. செல்வம் என்னைப் பார்த்து மீசையைத் தடவினார். அப்போதுதான் குழந்தை வாயிலிருந்து பால் பாய்ந்தது. வழியவில்லை, பாய்ந்தது. பின்னால் இருந்த சுவரில் போய் அடித்தது. நான் ஜெயித்துவிட்டேன். குழந்தை பசியில் மறுபடியும் வாயைத் திறந்து தேடியது. கன்னம் ஒட்டிப்போயிருந்தது. ஸ்டெல்லா சுவரையே பார்த்துக்கொண்டு, "ஒரு வாரமா இப்டித்தாண்ணா. சொன்னா தொட்டில்னாரு. காலைலேர்ந்து ஒண்ணுக்குப் போயி ஒரு துணிதான் நனைஞ்சுது" என்றார்.

கலாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். சுவர் என்ற வார்த்தையைக் கேட்டதுமே, "போன வெச்சுட்டுக் கெளம்புங்க" என்றார். செல்வம், "நாளைக்கு லீவு சொல்லிட்டு" என்று இழுத்தார். நான் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுக்காரர் ஆட்டோவைக் கிளப்பிவிட்டார். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வரைக்கும் ஆட்டோவுக்குப் பின்னாலேயே பைக்கில் போனேன். வயிற்றிலிருந்து குடலுக்குப் போகிற வழி தடித்து அடைத்துக்கொண்டிருக்கிறதாம். முதலில் குளுக்கோஸ் ஏற்றினார்கள், பிறகு ஆபரேஷன். ஆபரேஷன் முடிகிற வரைக்கும் செல்வமும் நானும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

கொஞ்ச நாள் கழித்து ஸ்டெல்லாவே கூப்பிட்டார், தொட்டிலைத் திரும்ப மாட்டச் சொல்லி. பையன் கன்னத்தில் சதை வந்திருந்தது. பால் குடித்துவிட்டுத் தாயின் தோளில் கிடந்தவன், நான் பார்க்கப் பார்க்கக் கடைவாயில் கொஞ்சம் கக்கினான். நான் ஏணியிலிருந்து குதித்துப் போனைத் தேடினேன். ஸ்டெல்லா முந்தானையால் அவன் வாயைத் துடைத்துவிட்டுச் சிரித்தார்: "அண்ணா, இது வழியுது, பாயல. நீங்க கொக்கிய மாட்டுங்க."

பேரத்திலும் சண்டையிலுமே பிழைப்பை ஓட்டுகிற எனக்கு, தோற்றுப்போயிருக்கக் கூடாதா என்று தோன்றிய பந்தயம் இதுவரைக்கும் அது ஒன்றுதான்.