செம்மண் வெட்டில் தூக்கிய கைகள்

அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலரை அவர் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது பழங்கற்களைக் காட்ட இழுத்துப் போயிருப்பார். வெயிலில் காய்ந்து அவரைத் திட்டியவர்களும் உண்டு. நானும் திட்டியிருக்கிறேன்.

கொரட்டூரில் ரயில்வே கேட் காவலரின் மகனாகப் பிறந்தவர் அண்ணன். அப்பா இறந்தபோது அவருக்குப் பத்தொன்பது வயது. படிப்பை விட்டுவிட்டு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் பிட்டராகச் சேர்ந்து அம்மாவையும் என்னையும் காப்பாற்றினார். அவருக்கென்று இருந்த ஒரே ஆசை ஊர் சுற்றுவதுதான். பூண்டிப் பக்கம் போய் ஆதிமனிதர் செதுக்கிய கற்களைப் பார்ப்பார்; எஸ்டேட்டைச் சுற்றிப் பழைய ரயில் பாதைகளைத் தேடுவார்.

எனக்கு இரண்டு சம்பந்தம் தட்டிப் போனதில் அண்ணன் தூக்கம் இழந்திருந்தார். எண்பதுகளின் கடைசியில் சென்னீர்குப்பத்திலிருந்து மூன்றாவது வரன் வந்தது. ஒரு ஞாயிறு, சபையில் ஆராதனை முடிந்த கையோடு மாப்பிள்ளையின் பெற்றோர், என் வருங்கால மாமாவும் அத்தையும் மட்டும் வந்தார்கள். என் மாமனார் சிரிக்காத மனிதர். சாப்பிட்டதும், "இங்க பாக்கறதுக்கு இன்னா கீது?" என்று ஒப்புக்குக் கேட்டார். போதாதா அண்ணனுக்கு! எங்கள் மூவரையும் கிளப்பிக்கொண்டு போனார்.

மண்ணூர்பேட்டையில் ஒரு தொழிற்சாலைக்குள் போகும் தனி ரயில் பாதை, மேட்டை வெட்டிப் போட்டது. இரு புறமும் ஆளுயரச் செம்மண் சுவர். அதில் கூழாங்கற்கள் வரிவரியாகத் தெரியும். கோடியில், தொழிற்சாலையின் சரக்குப் பெட்டிகளை இழுக்கும் பழைய கரி இன்ஜின் நிற்கும். "ஞாயித்துக்கிழம வண்டி வராதுங்க ஐயா" என்று அண்ணன் தைரியம் சொன்னார். மின்வெட்டுக்காக அந்தத் தொழிற்சாலையின் வார லீவை வெள்ளிக்கிழமைக்கு மாற்றியிருந்தார்கள். வேறு கம்பெனிக்காரரான அண்ணனுக்கு அது தெரியாது.

பாதி தூரத்தில் மாமாவுக்கு முட்டி பிடித்துக்கொண்டது. தண்டவாளத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டார். அப்போது வளைவுக்கு அப்பால் விசில் கேட்டது. நானும் அத்தையும் இழுத்துப் பார்த்தோம். அவருடைய கனத்த உடம்பு அசையவில்லை.

அண்ணன் இன்ஜினை நோக்கி ஓடினார். பாதை நடுவில் நின்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். "பாப்பா, நீயும் கைய தூக்குடி!" கொடி இல்லாதபோது ரயில்காரர்கள் காட்டும் அபாய சைகை அது, அப்பா எங்களுக்குச் சொல்லித் தந்தது. நான் தூக்கினேன். அத்தையும் கைகளைத் தூக்கி, "ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம்!" என்று கதறினார்.

இன்ஜின் அண்ணனுக்குப் பத்தடி முன்னால் நின்றது.

மாமாவுக்கு உயிர் வந்ததும் கோபம் வந்தது. "ஆள கொல்லப் பாத்தான்! இந்தச் சம்பந்தமே வாணாம்!" தன்னால் என் வாழ்க்கை போயிற்றே என்று அண்ணன் அங்கேயே உட்கார்ந்து அழுதார். அத்தை குறுக்கே வந்தார். "இன்னா பேசறீங்க? அந்தப் பையன் கைய தூக்கி ஜெபம் பண்ணதாலதான் நீங்க உசுரோட கீறீங்க. இந்த ஊட்லதான் பொண்ணு எடுக்கணும்." மாமா எழுவதற்கு அண்ணனிடம் கையை நீட்டினார்.

கல்யாணம் நடந்தது. சபையிலும் அத்தை இதைச் சாட்சியாகச் சொன்னார். அது ரயில் சைகை என்று சொன்னால் என் வாழ்க்கை கெடுமோ என்று அண்ணன் உண்மையை மறைத்தார். அதன்பின் கற்களைக் காட்ட மட்டுமே ஆட்களைக் கூட்டிப் போனார். மருத்துவமனையில் அவருடைய பேச்சு அடங்குவதற்கு முந்தின நாள்கூட, "அது ஜெபம் இல்லன்னு உங்க அத்தைகிட்ட சொல்லிடு பாப்பா. அந்தப் பொய் நெஞ்ச அடைக்குது" என்றார்.

மாமாவும் இப்போது இல்லை. அண்ணனின் அடக்கம் முடிந்த மறுநாள் அத்தையிடம் சொல்லிவிட்டேன்.

"போடி இவளே, எனக்கு அப்பவே தெரியும். ஜெபம் பண்றவன் கண்ண மூடிக்குவான். உங்கண்ணன் இன்ஜின மொறச்சிகினு இல்ல நின்னான்! வேற இன்னா சொல்லி உன் மாமனார நான் அடக்குறது?"

மருத்துவமனையில் இரவு பகலாக உடனிருந்த எஸ்டேட் நண்பர்களுக்கும், அடக்கத்தை முன்னின்று நடத்திய சபையாருக்கும், அன்று இன்ஜினை நிறுத்திய பெயர் தெரியாத ஓட்டுநருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தை, உங்களுக்கும்தான். ஆனால் அண்ணனிடம் இதை ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?