துரை வண்டியில் வந்த கேள்விகள்

போன வாரம் அம்மாவை கிளினிக்குக் கூட்டிப்போனேன். டாக்டர் சிங்களப் பிள்ளை, சின்ன வயது. கஷ்டப்பட்டுத் தமிழ் பேசினார். "அம்மா, தண்ணி நிறைய குடிக்க வேணும். தாகம் வர்ற வரைக்கும் இருக்க வேண்டாம்." அம்மா "சரிங்க ஐயா" என்று தலையாட்டினாள். வெளியே வாங்கில் வந்து உட்கார்ந்ததும் சிரிக்க ஆரம்பித்துவிட்டாள்.

"என்னம்மா?"

"இதத்தானே நீயும் அன்னைக்குக் கேட்ட? ஒங்க மேடத்தக் கூட்டிக்கிட்டு வந்து?"

அம்மாவின் சிறுநீரகம் பாதிக்கு மேல் கெட்டுவிட்டது. அவளால் சிரிக்க முடிகிறது. எனக்கு வந்தது கோபம்தான். எனக்கு எப்போதும் கோபம்தான் வரும், அதைப் பொறுத்துக்கொண்டு கேளுங்கள்.

அப்போது நான் கம்பஸில் பட்டம் முடித்து, முதுகலைக்குப் பதிந்துகொண்டு, அதே துறையில் உதவியாளராகவும் இருந்தேன். உதவியாளருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். எல்லா வேலையும். முதலாம் வருடப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்க வேண்டும், விடைத்தாள் திருத்த வேண்டும், புரொஜெக்டர் வயரைக் காணவில்லை என்றால் தேட வேண்டும், போட்டோகொப்பி எடுக்க வேண்டும். விரிவுரையாளர்களின் அறையில் உட்கார்ந்தால் மாணவி ஏன் இங்கே இருக்கிறாள் என்று பார்ப்பார்கள். மாணவர் கென்டீனில் உட்கார்ந்தால் பிள்ளைகள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அதனால் நான் நூலகத்துப் பின்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அங்கே ஒரு நாய் வரும். நாங்கள் இரண்டு பேரும் எந்தத் தரப்பிலும் சேராதவர்கள்.

வேலையைப் புதுப்பிக்கும் காலம் வந்தால் நிர்வாகக் கட்டடத்துக்கு நடக்க வேண்டும். அங்கிருந்த கிளாக் நல்ல மனுசன்தான், ஆனால் அவர் வாயில் இருந்தது ஒரே வசனம்: "ஹெட்ட என்ன, நங்கி." நாளைக்கு வா, தங்கச்சி. இடையில் என்னுடைய சொந்தப் படிப்பு மேசை ஓரத்தில் மூடியபடியே கிடந்தது. பேராசிரியர்களின் ஆராய்ச்சிக்கு நான் உழைத்தேன், என்னுடையதற்கு உழைக்க எனக்குத் தெம்பு மிஞ்சவில்லை.

போட்டோகொப்பி மெஷின் சூடேறும்போது ஒரு வாசனை வரும். ரப்பரைச் சுட்ட மாதிரி. முதல் தடவை அதை முகர்ந்தபோது எனக்குத் தேயிலைத் தோட்டத்து லய வரிசையில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராதான் ஞாபகம் வந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள், செடி குத்திக் கிழிக்காமல் இருக்க, இடுப்பைச் சுற்றித் தடித்த ரப்பர் விரிப்பு ஒன்றைக் கட்டிக்கொள்வார்கள். அதற்குப் படங்கு என்று பெயர். மழை நாளில் நனைந்த படங்கை அம்மா அடுப்புப் பக்கம் காயப்போட்டால் இதே வாசனைதான் வீடு முழுக்க நிற்கும். கூடவே அம்மாவின் முனகலும் நிற்கும். நீர்க்கடுப்பு. மலையிலிருந்து வந்தவுடன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படியில் குந்திவிடுவாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் எப்போதும் ஒரே மாத்திரை.

காரணம் லயத்தில் எல்லாருக்கும் தெரியும். மலையில் கக்கூஸ் கிடையாது. காலையில் போனால் கொழுந்தை எடை போட்டுவிட்டு வரும்வரை ஒதுங்க இடமில்லை. அதனால் பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள். அவ்வளவுதான் விஷயம். இதற்கு ஆராய்ச்சி எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டிருப்பேன். ஆனால் எங்கள் துறைப் பேராசிரியர் மேடம், தோட்டப் பெண்களின் உடல்நலம் பற்றி ஓர் ஆய்வு வருகிறது, அறிக்கை தோட்டக் கம்பெனிக்கும் போகும், கேட்டால் கம்பெனி வசதி செய்து கொடுக்கும் என்று சொன்னதும், நான் துள்ளிக் குதித்து அதில் சேர்ந்தேன். அறிக்கை சரியாக வந்தால் மலைக்கு ஒரு கக்கூஸ் வரும். அம்மா தண்ணீர் குடிப்பாள். படித்ததற்கு அந்த ஒன்று நடந்தால் போதும் என்று நினைத்தேன். லிந்துலைப் பக்கம் இருக்கும் எங்கள் தோட்டத்தைப் பட்டியலில் சேர்க்கச் சொன்னதும் நான்தான்.

மேடம் யாழ்ப்பாணத்துக்காரர். கெட்டவர் இல்லை. மழையில் எனக்குத் தன் குடையைக் கொடுத்துவிட்டு நனைந்து போனவர். "நீர் சாப்பிட்டனீரோ?" என்று தினமும் கேட்ட ஒரே ஆள். இதையும் சொல்லத்தான் வேண்டும்.

தோட்டத்துக்குள் வெளியாள் போக, தோட்டத்தை நடத்தும் துரையிடம் அனுமதி வாங்க வேண்டும். மேடம் வாங்கினார். அன்றைக்குக் கடும் மழை, பாதை சேறு. துரை மரியாதைக்குத் தன் ஜீப்பையே அனுப்பினார். மலை வேலையைப் பார்க்கும் கண்டாக்கு ஐயா முன்சீட்டில், மேடமும் நானும் பின்னால். எனக்குள் ஒரு பெருமை இருந்தது, பொய் சொல்லக்கூடாது. சின்னப் பிள்ளையில் அந்த ஜீப் வந்தால் வடிகானில் இறங்கி ஒதுங்கி நின்றவள் நான். இப்போது அதற்குள்ளே, சப்பாத்து போட்டுக்கொண்டு, மடியில் பைலோடு.

கொழுந்தை எடை போடும் மடுவத்தில் பெண்கள் கூடைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஜீப் நின்றது. யாரும் சொல்லவில்லை, அவர்களாகவே வரிசையாக நின்றார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கிற மாதிரி. தலையில் போட்ட கொங்காணித் துணியை இழுத்துச் சரிசெய்தார்கள். அந்த வரிசையில் என் அம்மாவும் நின்றாள். என்னைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி இருந்தாள்.

மேடம் மெதுவாக, அன்பாகத்தான் கேட்டார். "வேலை நேரத்திலை தண்ணி குடிக்கிறனீங்களோ அம்மா?"

"குடிப்போங்க" என்றாள் அம்மா.

"மலையிலை கழிப்பறை வசதி ஏதும்?"

"அதெல்லாம் கொறை இல்லீங்க."

அடுத்தது ராசாத்தி சித்தி. அம்மாவோடு ஒரே நிரையில் கொழுந்து பறிக்கிறவள், வாயாடி. நம்பிக்கையோடு அவளைப் பார்த்தேன். அவள் கண்டாக்கு ஐயாவைப் பார்த்தாள், ஜீப்பைப் பார்த்தாள், கடைசியில் என்னைப் பார்த்தாள்.

"எங்களுக்கு என்னங்க கொறை? இந்தா, எங்க மிஸ்ஸே வந்திருக்காங்களே, அவுங்களக் கேட்டுக்கோங்க."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். ஒருத்தி மிச்சமில்லாமல் எல்லாரும் அதே பதில். மேடத்துக்குச் சந்தோசம். கேட்ட கேள்விக்கெல்லாம் தயங்காமல் பதில் சொன்னார்களாம்.

அன்று சாயந்தரம் நான் வீட்டிலேயே தங்கினேன். காம்பராவுக்குள் போனதும் கத்தினேன். "ஏம்மா பொய் சொன்ன? ஒனக்காகத்தானே நான் இந்தப் பாடு படுறேன்?"

அம்மா படங்கை அவிழ்த்து அடுப்புப் பக்கம் விரித்தாள். அவசரப்படவில்லை. "நீ யாரு வண்டியில வந்த?"

நான் குனிந்து சப்பாத்தைக் கழற்றினேன்.

"தொரை வண்டியில வந்து எறங்குற. பக்கத்துல கண்டாக்கு நிக்கிறாரு. மலையில என்ன கொறைன்னு கேக்குற. எவடி சொல்லுவா? நாளைக்கு அந்த மலைக்கு நீயா போகப்போற?"

மேடத்துக்குத் தெரியாது, சரி. லயத்தில் பிறந்த எனக்கு அது ஏன் உறைக்கவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். படிப்பு அந்த அளவுக்குக் கண்ணை மூடும் போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை பெண்கள், மலை ஊற்று விழும் பீலிக்குத் துணி துவைக்க வருவார்கள். நானும் பழைய பாவாடையைக் கட்டிக்கொண்டு, துவைக்கத் துணியோடு போனேன். பீலித் தண்ணீர் ஐஸ் மாதிரி. யாரும் என்னை மிஸ் என்று கூப்பிடவில்லை. சவர்க்காரத்துக்கும் சிரிப்புக்கும் நடுவே எல்லாம் வந்தது. காலையில் ஒரு வாய் பாலில்லாச் சாயத்தண்ணி, அதற்குப் பிறகு வாய் நனைப்பதில்லை. கட்டாயம் ஒதுங்க வேண்டுமென்றால் தனியாகப் போக முடியாது. நான்கு பேர் சேர்ந்து போய், மூன்று பேர் படங்குகளை அவிழ்த்துச் சுற்றிப் பிடிப்பார்கள். நடுவில் ஒருத்தி. கங்காணி கீழே நின்று "எங்கடி போனீங்க?" என்று சத்தம் போட்டுக்கொண்டிருப்பார். மாதவிடாய் நாள் என்றால் கேட்கவே வேண்டாம்.

"எழுதிக்க புள்ள" என்றாள் ராசாத்தி சித்தி, துணியைக் கல்லில் அடித்தபடி. "எங்க தோட்டத்துல கக்கூஸ் இருக்கு. நடமாடும் கக்கூஸ். நாங்கதான் செவுரு."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும்தான். அவள் அப்படிச் சிரித்ததை நான் அதிகம் பார்த்ததில்லை.

திங்கட்கிழமை மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு நெடுநேரம் கேட்டார். பிறகு சொன்னார்: "பாரும், இதை நான் எடுக்கேலாது. நீர் அந்த ஆக்களின்ர பிள்ளை. நீர் தனியப் போய்க் கேட்டதை ஆய்வு எண்டு ஆர் ஏற்பினம்? முறை எண்டு ஒண்டு இருக்கு."

"அவங்க ஒங்களுக்குப் பதில் சொல்லல மேடம். அந்த வண்டிக்குச் சொன்னாங்க."

"அதை நான் எழுதினா, அடுத்த முறை தோட்டத்துக்குள்ள எங்களை விடுவினமோ?"

"வண்டி இல்லாம நடந்து போவோம். திரும்பக் கேப்போம். நீங்களும் வாங்க, பீலியில குந்திக்கிட்டுக் கேப்போம்."

அவர் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார். அவருக்கு நாள் இல்லை, அறிக்கைக்குக் கெடு இருந்தது. அதில் வசதிகள் திருப்திகரம் என்று ஒரு வரி எழுதினார். அதைத் தட்டச்சு செய்ய என்னிடம் கொடுத்தார். முடியாது என்றேன். சத்தமாகத்தான் சொன்னேன், வராந்தாவில் இருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்தார்கள். வேறு ஒருவர் அடித்துக் கொடுத்தார். அந்த முறை வேலையைப் புதுப்பிக்கப் போனபோதும் கிளாக் நாளைக்கு வா என்றார். அந்த நாளை வரவேயில்லை. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று யாரும் சொல்லவில்லை. முதுகலையும் பாதியில் நின்றது. இப்போது ஒரு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறேன். நூலகப் படியில் அந்த நாய் யாரிடம் சோறு கேட்டதோ தெரியாது.

கிளினிக்கிலிருந்து திரும்பும் பஸ் எங்கள் பழைய மலையைச் சுற்றித்தான் வரும். கொழுந்து மடுவத்துக்குக் கூரை இல்லை. தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்ட ஆளில்லாமல் அவை மரமாகி நிற்கின்றன. இடையில் ஆளுயரத்துக்கு மானாப்புல். கங்காணியின் சத்தம் இல்லை. நிரை பிடித்து நின்ற பெண்களில் பாதிப் பேர் கொழும்பில் வீட்டு வேலைக்கு. ராசாத்தி சித்தி செத்துப்போனாள், அவளுக்கும் சிறுநீரகம்தான். லயத்தைப் பாதி இடித்துவிட்டார்கள். பீலியில் தண்ணீர் யாருக்காகவோ விழுந்துகொண்டிருக்கிறது. படங்கு கட்டிய பெண்ணைப் பார்த்து எத்தனையோ நாளாயிற்று.

டாக்டர் சொன்னது ஞாபகம் வந்து, தண்ணீர்ப் போத்தலைத் திறந்து அம்மாவிடம் நீட்டினேன். வாங்கினாள். உதட்டை நனைக்கிற அளவுக்கு ஒரு சொட்டு. மூடியை இறுக்கித் திருகி என் மடியில் வைத்தாள்.

"குடிம்மா. டாக்டர் என்ன சொன்னாரு?"

"வீட்டுக்குப் போய்க் குடிக்கிறேன்" என்றாள் அம்மா, ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டே. "நடுவழியில எங்க எறங்குறது? படங்கு பிடிக்க யாரு இருக்கா?"